மொழி ஒன்றுதான், ஆனாலும் ஏழு மாதம் ஆனது

கேள்வி: குடும்பத்தோடு வெளிநாட்டுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. வீட்டுக்கு வந்துபோகிற மாதிரி ஒரு குடும்பம்கூட இன்னும் அமையவில்லை. உங்களுக்கெல்லாம் எப்படி அமைந்தது?

மொழி தெரியாத நாட்டுக்குப் போனவர்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது இருக்கும். எங்களுக்கு அதுவும் இல்லை. நாங்கள் வந்து இறங்கிய ஊர் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள், இப்போது பெரும்பாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. காலையில் கடைத்தெருவில் நடந்தால் மாரியம்மன் பாட்டு ஒரு கடையில், மின்னல் எஃப்எம் என்கிற தமிழ் வானொலி இன்னொரு கடையில். துறையூர்க்காரியான எனக்கு இங்கே என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது என்று நினைத்துத்தான் வந்தேன்.

என் கணவருக்கு ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. அங்கே வீட்டு வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. 30 கிலோமீட்டர் தள்ளி இந்த ஊரில் வாடகை குறைவு, பையனுக்குத் தமிழ்ப்பள்ளியும் பக்கத்தில். எனக்குக் கொடுத்தது டிபென்டன்ட் பாஸ், கணவரைச் சார்ந்து தங்குவதற்கான அனுமதி, அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. ஆக, பகல் முழுக்க நானும் நான்கு சுவரும்.

முதல் வாரம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலி ஓரமாக நின்று, "பசியாறியாச்சாம்மா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நம்மைப் பார்த்தால் பட்டினி கிடப்பவள் மாதிரியா இருக்கிறது? "அதெல்லாம் வீட்டில் இருக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். இங்கே அது வெறும் குசல விசாரிப்பு, "டிபன் ஆச்சா" என்று நாம் கேட்பது மாதிரி என்று தெரிய ஒரு மாதம் ஆனது. இன்னொரு நாள் அதே பெரியம்மா, "கடைக்கா? மோட்டார எடுத்துக்கிட்டுப் போம்மா" என்றார். எங்கள் ஊரில் மோட்டார் என்றால் கிணற்றடியில் இருப்பது. அதை எதற்குக் கடைக்கு எடுத்துப் போகச் சொல்கிறார் என்று முழித்தேன். அவர் சொன்னது பைக்கை. காரை இவர்கள் காடி என்கிறார்கள். "பத்து வெள்ளி" என்று கடைக்காரர் கேட்டபோது என் மகன், "அம்மா, நம்மகிட்ட வெள்ளி இல்லையே" என்று கொலுசைப் பார்த்தான். ரிங்கிட்டுக்கு இங்கே அதுதான் பெயர்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தது தனிக் கதை. பள்ளி வாசலில் ஒரு தாய், "பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கியாச்சா?" என்று அக்கறையாகக் கேட்டார். ஷூவைத்தான் சொல்கிறார். நான், "சப்பாத்தா! சப்பாத்தி மாதிரில்ல இருக்கு" என்று நான்கு பேர் நடுவில் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அதற்கப்புறம் மூன்று மாதம் என்னைப் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. அது போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்த சொல், இலங்கைத் தமிழரும் அதையேதான் சொல்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் சொல்லும் ஷூ மட்டும் எந்தச் சங்க இலக்கியத்தில் இருந்ததாம்? ஊரிலிருந்து வருகிற நமக்கு இப்படி ஒரு மிதப்பு உண்டு. நம் தமிழ்தான் தமிழ், இவர்களுடையது கலப்படம் என்று. அது நம் முகத்தில் தெரியாது என்று வேறு நினைத்துக்கொள்கிறோம்.

அந்த மிதப்பை உடைத்தவன் என் மகன். ஊரில் இங்கிலீஷ் மீடியத்தில் இரண்டாம் வகுப்பு வரை படித்தவன். இங்கே தமிழ்ப்பள்ளியில் கணக்கும் அறிவியலும் மற்ற பாடங்களும் தமிழில்தான், மலாயும் ஆங்கிலமும் மொழிப் பாடங்களாகக் கூடவே வரும். வெளிநாட்டுப் பிள்ளை என்பதால் கல்வி இலாகாவில் அனுமதி வாங்கி, ஒருவழியாகச் சேர்த்தோம். முதல் நாளே ஆசிரியை கூப்பிட்டு, "தம்பிக்குத் தமிழ் எழுத வரலையே" என்றார், மிகவும் தன்மையாக. தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு! தோட்டத்துக்கு வந்து நான்கு தலைமுறையான குடும்பத்தில் பிறந்த, பெரியம்மாவின் பேத்திதான் அவனைத் தன் வீட்டுக் கார் நிற்கும் இடத்தில் உட்கார வைத்து ல, ள, ழ எழுதப் பழக்கினாள். அவளுக்கு ஒன்பது வயது. தப்பாக எழுதினால் ரூலரால் தட்டுவாள். மூன்றே வாரத்தில் இவன் அந்த வீட்டில்தான் சாப்பாடு, அந்த வீட்டில்தான் கார்ட்டூன். மைலோ இல்லாமல் காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் வேறு.

ஆனால் பிள்ளை உள்ளே போய்விட்டால் பின்னாலேயே பெற்றோரும் போய்விடலாம் என்று சொல்வார்களே, அது எங்களுக்கு நடக்கவில்லை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி அவனைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

முதல் தீபாவளியைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். திருச்சியில் அடுக்ககத்தில் இருந்த பழக்கம், குளித்துப் படைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்கார்ந்தோம். இங்கே அன்றைக்கு ஒரு வீட்டிலும் கதவு சாத்துவதில்லை. திறந்த இல்ல உபசரிப்பு என்று பெயர். சீனர், மலாய்க்காரர் எல்லாரும் வருவார்கள். பத்து மணிக்கு எங்கள் கதவைத் தட்டி ஆறேழு பிள்ளைகள். ஆளுக்கொரு அதிரசம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்கள். நானும் நின்றேன். சிறிய உறையில் ஒன்றோ இரண்டோ வெள்ளி வைத்துத் தருவது இங்கே வழக்கமாம், சீனர்களின் அங் பாவ் பழக்கம் தீபாவளிக்கும் வந்துவிட்டது. அது எனக்கு யார் சொல்வது? கடைசியில் பேத்தி என் காதருகே வந்து, "அத்தை, காசு" என்றாள்.

சரி, கதவு எப்படித் திறந்தது என்று கேட்கிறீர்கள். எனக்குக் காய்ச்சல் வந்தது. என் கணவர் மூன்று நாள் கோலாலம்பூரில். அதுவரை பெரியம்மா எதைக் கொடுத்தாலும் அரைமணி நேரத்துக்குள் தூக்கைக் கழுவி, அதே மதிப்புக்கு எதையாவது போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். யாருக்கும் கடன்படக் கூடாது என்று வளர்த்த வளர்ப்பு அப்படி. அந்த மூன்று நாளும் அவர் கஞ்சி கொண்டுவந்து வைத்தார், பையனைப் பள்ளிக்கு அனுப்பினார், என்னை மோட்டாரில் பின்னால் உட்கார வைத்துக் கிளினிக்குக்கும் கூட்டிக்கொண்டு போனார். அறுபத்தெட்டு வயதில்! எழுந்து நடமாட ஆரம்பித்ததும் முதல் வேலையாக அவருடைய பாத்திரங்களை எல்லாம் கழுவி, ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கி நிரப்பிக்கொண்டு போனேன். பார்த்ததும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா, நான் என்ன கடையா வச்சிருக்கேன், உடனே உடனே கணக்கு தீர்க்கிற?"

அன்று கொண்டுபோனதை அப்படியே வைத்துவிட்டு அவர் வீட்டில் உட்கார்ந்தேன். வந்து ஏழு மாதம் முடிந்திருந்தது. கோப்பி போட்டுக் கொடுத்தார், சாயங்காலம் வரை பேசினார். பதின்மூன்று வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர். விடியும் முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டுமாம். வெயில் ஏறினால் பால் ஓடாது. தோட்டத் துண்டாடல் காலத்தில் பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றபோது, சம்பந்தன் 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அவருடைய மாமனார் பங்கு வாங்கி வைத்தாராம், தொழிலாளிகளே காசு சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக. அப்புறம் இவர்கள் இருந்த தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், ஆள் குறைத்தார்கள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் லயத்தைக் காலி செய்ய வேண்டியதுதான். அப்படித்தான் இந்தத் தாமானுக்கு, நாங்கள் இருக்கும் குடியிருப்புக்கு, வந்திருக்கிறார்கள்.

"லயத்துல கதவே சாத்துனதில்லம்மா. ஒரு வீட்டுல மீன் பொரிச்சா பத்து வீட்டுக்கும் தெரியும். இங்க வந்து ஒரு வருசம் நான் அழுதுகிட்டே கிடந்தேன், பேச ஆளில்லாம."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளூர்க்காரர்கள், ஏற்கெனவே ஆள் நிறைந்தவர்கள், நமக்கு இடம் கொடுக்க மாட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த தெருவில் பாதிப் பேர் வெவ்வேறு தோட்டங்களிலிருந்து பெயர்ந்து வந்தவர்கள். அக்கம்பக்கத்தைத் தொலைத்துவிட்டு வந்தவர்கள் நாங்கள் மட்டும் இல்லை.

இடையில் ஒன்று. பெரியம்மாவுடைய அப்பா முசிறிப் பக்கமாம். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். நான் துள்ளிக் குதித்து, "அடுத்த லீவுக்குப் போகும்போது உங்க சொந்தக்காரங்களத் தேடிப் பார்க்கட்டுமா?" என்றேன். "வேணாம்மா, அங்க யாரு இருக்கா? எனக்கு ஊருன்னா தோட்டந்தான்" என்றார். ஊர் பெயரைச் சொன்னால் இவர்கள் கண்கலங்குவார்கள் என்று எதிர்பார்த்துப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். நான் பார்த்தவரை அது நமக்குத்தான் தேவைப்படுகிறது.

என் கணவருடைய கதை இன்னும் வேடிக்கை. கல்லூரியில் உடன் வேலை செய்பவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் வெள்ளி மாலை ஆனால் அவரவர் சொந்த ஊருக்குக் காடியை எடுத்துவிடுவார்கள். முதல் வருடம் ஆடி மாதம், பெரியம்மா இருந்த பழைய தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குப் போனோம். லயங்கள் இடிந்துபோய் செம்பனைக்கு நடுவில் கோவில் மட்டும் நிற்கிறது. ஆனால் திருவிழா என்றால் கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று எங்கெங்கோ போனவர்கள் எல்லாம் அன்றைக்கு அங்கே வந்து நிற்கிறார்கள். இவர் 200 வெள்ளி உபயம் எழுதினார். துண்டு போர்த்தி, முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்து, "இந்தியாவிலிருந்து வந்திருக்கும் டாக்டர் அவர்கள்" என்று மைக்கில் சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு ஒரு தாத்தா வந்து முட்டிவலிக்கு என்ன மாத்திரை என்று விசாரித்தார். அன்று முழுக்க இவரிடம் பேசியது அவர் ஒருவர்தான். இவர் பட்டம் வாங்கியது இயற்பியலில்.

இரண்டாம் வருடம், மகனின் வகுப்புத் தோழனுடைய அப்பா, லாரி ஓட்டுபவர், திருவிழாவுக்கு முதல் நாள் வந்து, "சார், பின்னால சமையலுக்கு ஆள் பத்தல, கொஞ்சம் வர்றீங்களா?" என்று கேட்டார். போனவர் இரவு இரண்டு மணி வரை வெங்காயம் உரித்திருக்கிறார். அண்டாவில் சாம்பார் கிண்டினார், கையைச் சுட்டுக்கொண்டார். கண் சிவந்து வெங்காய நாற்றத்தோடு வந்தவரைப் பார்த்ததும், பாவம் என்று நினைத்தேன். ஆனால் சந்தோஷமாக இருந்தார். சார் என்று கூப்பிட்டவர்கள் வெங்காயம் முடிவதற்குள் அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். இப்போது அந்த லாரிக்காரருக்கு இவர் மச்சான்.

மலாய்க் குடும்பம் ஒன்று எதிர்வீட்டில். மொழி தடை, எனக்கு மலாய் கடையில் விலை கேட்கும் அளவுக்குத்தான். ஆனாலும் நோன்பு மாதத்தில் ஒரு தட்டு வந்தது, பெருநாளுக்கு ரெண்டாங் என்கிற இறைச்சிக் கறி வந்தது. மாட்டிறைச்சி இல்லை, கோழி என்று காட்டுவதற்காக அந்த அக்கா "ஆயாம், ஆயாம்" என்று சொல்லிக் கையைச் சிறகு மாதிரி அடித்துக் காட்டினார். நாங்கள் திருப்பிக் கொடுப்பது பழமும் கடையில் வாங்கிய முறுக்கும். ஹலால் விஷயத்தில் அவர்களுக்குத் தயக்கம் இருக்கும். நம் வீட்டுச் சமையலைத் தொடவில்லை என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கோலாலம்பூரில் இருக்கிற தமிழ்நாட்டுக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவையும் விட்டுவைக்கவில்லை. போக 200 கிலோமீட்டருக்கு மேல். கலகலப்பாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு வருடத்தில் பாதிப் பேர் துபாய்க்கோ பெங்களூருக்கோ மாறிவிடுவார்கள். பாஸ் புதுப்பிக்க என்ன தாள் வேண்டும் என்று கேட்க அந்தக் குழு நல்லது. காய்ச்சலுக்குக் கஞ்சி அங்கிருந்து வராது.

உங்கள் ஊரில் தமிழர்கள் இல்லாமல் இருக்கலாம், கோவிலும் இல்லாமல் இருக்கலாம். என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: விருந்துக்குக் கூப்பிட்டுப் பழகப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். நாங்கள் மூன்று முறை இலை போட்டு விருந்து வைத்தோம். வந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு, நன்றி சொல்லிப் போனார்கள், அத்தோடு முடிந்தது. அதைவிட, போய் ஒரு தேங்காய்த்துருவியை இரவல் கேளுங்கள். பிள்ளையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கு இன்னமும் இருக்கிறது.

எத்தனை நாள் ஆகும் என்றால், வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் அமையாது. மகனுக்கு மூன்று வாரம், எனக்கு ஏழு மாதம், அவருக்கு இரண்டாவது திருவிழா. சப்பாத்து அக்காவுக்கு மன்னிப்புக் கேட்டு, இப்போது இரவுச் சந்தைக்கு அவரோடுதான் போகிறேன். அவர் என்னைத் துறையூர் என்றே கூப்பிடுகிறார். என் கணவர் ஞாயிறு விடியற்காலையில் லாரிக்கார மச்சானோடு தூண்டிலைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போகிறார். மத்தியானம் திரும்புகிறார்கள், வழியில் தே தாரேக் என்கிற இழுத்து ஆற்றிய பால் டீ குடித்துவிட்டு, பெருத்த சிரிப்போடு. மீன் மட்டும் இதுவரை வந்ததில்லை.