ஜூலை 4-க்கு ஆர்வியில் வாஷிங்டன்: கேள்வி-பதில்

ரிட்டயர் ஆனதும் ஒரு ஆர்வியை (படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு வாஷிங்டன் போய் ஜூலை 4 சுதந்திர தினக் கொண்டாட்டத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அமெரிக்காவில் நம்மவர்கள் பலருக்கு நெடுநாள் ஆசை. போய்வந்தவர்களும் போகவிருப்பவர்களும் எழுதிய கடிதங்கள் இந்த முறை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நானும் மனைவியும் ஆறு நாளைக்கு 28 அடி ஆர்வி ஒன்றை ஆன்லைன் தளம் வழியாக, நியூ ஜெர்சியிலேயே ஒரு தனிநபரிடம் வாடகைக்கு எடுத்தோம். திருப்பிக் கொடுத்தபோது சுற்றிப் பார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்றார். பத்து நாள் கழித்து, ஆனிங் (வண்டியின் பக்கவாட்டில் நிழலுக்கு விரிக்கும் கூரை) துணி கிழிந்திருக்கிறது என்று 1,500 டாலர் டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆனிங்கை நாங்கள் விரிக்கவே இல்லை. (எடிசன்)

பதில்: படித்ததும் கோபம்தான் வந்தது. ஜூலை மாதத்தில் வாடகை ஆர்வி எதுவும் சும்மா நிற்காது. அந்தப் பத்து நாளில் இன்னொருவர் வண்டியை எடுத்துப்போய்க் கிழித்திருக்கலாம். அவருக்கும் சேர்த்து நீங்கள் ஏன் தண்டம் அழ வேண்டும்?

கிழிசலின் படம், அது எடுக்கப்பட்ட தேதி, பழுதுபார்த்த கடையின் பில் ஆகியவற்றைக் கேளுங்கள். எஸ்டிமேட் போதாது. போனில் பேசாதீர்கள், தளத்தின் மெசேஜ் பெட்டியிலேயே எழுதுங்கள். தளத்துக்கும் புகார் போகட்டும். கிரெடிட் கார்டு நிறுவனத்திடம், இந்தத் தொகையை ஏற்கமாட்டேன் என்று டிஸ்ப்யூட் போடுங்கள். அந்தத் தொகை இடம்பெற்ற முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது ஃபெடரல் சட்டம், அதைத் தவறவிடாதீர்கள். எதற்கும் மசியவில்லை என்றால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் இருக்கிறது. நியூ ஜெர்சியில் 5,000 டாலர் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் தேவையில்லை.

பேரப்பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைத் தேடி எடுங்கள். நீங்கள் இருவரும் வண்டி முன்னால் நிற்கும் படத்தில், பின்னால் ஆனிங் சுருட்டியபடியே இருந்தால் அதுவும் சாட்சிதான். விடாதீர்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: விளம்பரத்தில் ஒரு இரவுக்கு 149 டாலர். ஐந்து இரவுக்கு 745 தானே? கடைசியில் 1,525 கட்டினோம். இது சட்டப்படி சரியா? (ஷார்லட்)

பதில்: நீங்கள் அனுப்பிய பில்லை வரி வரியாகப் பார்த்தேன். வண்டியைத் தயார் செய்ய 175. இன்சூரன்ஸ் 150. தளத்தின் சேவைக் கட்டணம் 120. நாளொன்றுக்கு 100 மைல்தான் இலவசம். நீங்கள் ஓட்டியது 850, ஆகவே மிச்சம் 350 மைலுக்கு 50 சென்ட் வீதம் 175. ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்குக்கு 60. கழிவுத் தொட்டியைக் காலி செய்ய 100. ஷார்லட்டிலிருந்து வாஷிங்டன் 400 மைல் என்பது, ஊர் பேரைக் கேட்டவுடனே வாடகைக்கு விடுபவருக்குத் தெரியும். 500 மைலில் நீங்கள் போய்த் திரும்ப முடியாது என்பதும் தெரியும். தெரிந்தும் 149 என்று போடுகிறார்கள்.

பல வருடங்களாக இதைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். தவிர்க்கவே முடியாத ஒரு தொகையை 'கட்டணம்' என்று தனியே பிரித்து, கார்டு எண்ணை அடிக்கும் கடைசிப் பக்கத்தில் காட்டுவது விலையை மறைப்பதே ஆகும். அந்தப் பக்கத்துக்கு வரும்போது லீவு சொல்லி, மகனிடம் சொல்லி, ஆர்வியை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டுக்கும் பணம் கட்டி முடித்திருப்போம். பின்வாங்க மனம் வராது. அந்த மனநிலையை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. 2025 மே 12 முதல், நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பான எஃப்டிசியின் விதி ஒன்று அமலில் இருக்கிறது: நிகழ்ச்சி டிக்கெட்டுக்கும் ஹோட்டல் போன்ற குறுகியகாலத் தங்குமிடத்துக்கும் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும். அந்தப் பட்டியலில் வண்டி வாடகை இல்லை. ஒரு இரவு ஹோட்டலில் தங்குபவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, ஆர்வியில் படுத்துத் தூங்குபவருக்கு ஏன் கிடையாது? எனக்கு இது விளங்கவே இல்லை. உங்கள் காங்கிரஸ் உறுப்பினருக்கு இதைக் கேட்டு எழுதுங்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

அடுத்த முறை இப்படி மெசேஜ் அனுப்புங்கள்: 'இத்தனை மைல் ஓட்டுவேன், இத்தனை மணி நேரம் ஜெனரேட்டர் போடுவேன், தொட்டியை நானே காலி செய்து தருவேன். வரியோடு மொத்தம் எவ்வளவு?' பதில் எழுத்தில் வரும்வரை கார்டு எண் தராதீர்கள். காஸ் (பெட்ரோல்) செலவையும் மறக்க வேண்டாம். இந்த வண்டிகள் காலனுக்கு 8 முதல் 10 மைல்தான் கொடுக்கும்.

கேள்வி: கேஸ் சிலிண்டர் உள்ள ஆர்வி, வாஷிங்டன் போகும் வழியில் உள்ள பால்டிமோர் சுரங்கப்பாதையில் போகக்கூடாதாமே? வால்வை மூடிவிட்டால் போதாதா? (பிலடெல்பியா)

பதில்: போதாது. ஒரு சிலிண்டர் 10 பவுண்டுக்கு மேல் என்றால் ஃபோர்ட் மெக்ஹென்றி, ஹார்பர் இரண்டு சுரங்கத்திலும் அனுமதி இல்லை. முன்பெல்லாம் 695 என்ற சுற்றுச்சாலையில் கிழக்கே சுற்றி, கீ பாலம் வழியாகப் போவார்கள். 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி அந்தப் பாலம் விழுந்துவிட்டது. இப்போது 695-இன் மேற்குப் பக்கம்தான் வழி. காருக்கான ஜிபிஎஸ் உங்களை நேரே சுரங்கத்து வாசலில் கொண்டுபோய் விடும். வாடகைக்குத் தருபவர் இதைச் சொல்லித்தான் சாவியைக் கொடுக்க வேண்டும்; பலர் சொல்வதில்லை.

கேள்வி: வாஷிங்டன் நடுவே உள்ள நேஷனல் மால் புல்வெளியில் வாணவேடிக்கை பார்க்க ரிசர்வ் செய்த நாற்காலி, ஆளுக்கு 85 டாலர் என்று ஒருவர் விற்றார். ஜெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவையில் 170 அனுப்பினோம். அங்கே போனால் அப்படி ஒரு இடமே இல்லை. (ரிச்மண்ட்)

பதில்: அம்மா, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்தப் புல்வெளிக்கு டிக்கெட்டே கிடையாது. பாதுகாப்புச் சோதனையைத் தாண்டினால் யார் வேண்டுமானாலும் துண்டை விரித்து உட்காரலாம். கேபிடல் கட்டடத்தின் மேற்குப் புல்வெளியில் நடக்கும் இசை நிகழ்ச்சியும் இலவசம். காசு வாங்குவதெல்லாம் படகுச் சவாரி, மொட்டைமாடி விருந்து போன்ற தனியார் ஏற்பாடுகள். ஜெல்லில் நீங்களே அனுப்பிய பணத்தை வங்கி திருப்பித் தருவது அரிது. ஆனாலும் வங்கியிடமும் எஃப்டிசியிடமும் புகார் கொடுங்கள். வெட்கப்பட வேண்டியது விற்றவர்தான், நீங்கள் அல்ல.

கேள்வி: 2008 மாடல் ஆர்வியை 14,000 டாலருக்கு, போட்டோ பார்த்து வாங்கினோம். டிரைவர் ஸீட்டுக்கு மேலே உள்ள படுக்கையில் பலகை ஊறிப்போய் விரல் உள்ளே போகிறது. பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? (டாலஸ்)

பதில்: 14,000 டாலரைக் கொடுக்கும் முன் ஒரு நாள் செலவழித்து நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டாமா? வெண்டைக்காயைக்கூட ஒடித்துப் பார்த்து வாங்குகிறோம். தனிநபர் விற்கும் பழைய வண்டி உள்ளது உள்ளபடிதான். ஒழுகுவது தெரிந்தே மறைத்தார் என்று காட்ட முடிந்தால், 'கூரையில் பிரச்சினை எதுவும் இல்லை' என்று அவர் எழுதிய மெசேஜ் ஏதாவது இருந்தால், வக்கீலைப் பாருங்கள். இல்லையென்றால் வழி இல்லை.

அந்தப் படுக்கைப் பகுதிதான் இவ்வகை வண்டியில் முதலில் ஒழுகும் இடம். வாங்கும் முன் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும், கூரை ஜன்னலைச் சுற்றிக் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்வி இன்ஸ்பெக்டர்கள் காசு வாங்கிக்கொண்டு இதையெல்லாம் செய்து தருகிறார்கள்.

டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் 'டிஓடி' என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த தேதி: 3119 என்றால் 2019-ஆம் வருடம் 31-ஆம் வாரம். முழு எண் ஒரு பக்கம் மட்டும் இருப்பதும் உண்டு, அது உள்பக்கமாகக்கூட இருக்கலாம். டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். நான் ஒரு கடையில் புது டயர் என்று வாங்கியவை நாலு வருடம் பழையவை. 'ஓடாத டயர் புது டயர்தான்' என்று சாதித்தார்கள், மாற்றித் தரவேயில்லை.

கேள்வி: டீலர் நீட்டிப்பு வாரண்டி எடுக்கச் சொல்கிறார்.

பதில்: வேண்டாம்.

கேள்வி: புது மோட்டார்ஹோம். ஸ்லைடு-அவுட் (வண்டியை நிறுத்தியதும் வெளியே நீளும் அறைப் பகுதி) நாலு முறை பழுது. அடிக்கடி பழுதாகும் புது வண்டிக்கான லெமன் சட்டத்தில் திருப்பிக் கொடுக்கலாமா? (பார்சிப்பனி)

பதில்: நியூ ஜெர்சி லெமன் சட்டம் மோட்டார்ஹோமின் குடியிருப்புப் பகுதியைச் சேர்ப்பதில்லை. என்ஜினுக்கு ஒருவர், வீட்டுப் பகுதிக்கு ஒருவர், ஃபிரிட்ஜுக்கு இன்னொருவர் என்று வாரண்டியே தனித்தனி. வீட்டுப் பகுதியைக் கட்டிய நிறுவனத்தின் வாரண்டியில் கேளுங்கள். ஒவ்வொரு முறை கடையில் விடும்போதும் என்ன பழுது, என்ன செய்தார்கள் என்று தேதியோடு எழுதிய ரிப்பேர் ஆர்டரை வாங்குங்கள். வாய்ப்பேச்சு ஒன்றுக்கும் உதவாது.

கேள்வி: எங்கள் வண்டியில் இரண்டு ஏசி. கேம்ப்கிரவுண்டில் 30 ஆம்ப் மின் இணைப்புள்ள இடம் மலிவாக இருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: 30 ஆம்பில் ஒரு ஏசிதான் ஓடும். ஜூலையில் வாஷிங்டன் புழுக்கத்தில் வயதானவர்களுக்கு அது போதாது, 50 ஆம்ப் இடத்தை எடுங்கள். பிளக்கை மாற்றி மாட்டும் மலிவு அடாப்டரையும் வாங்காதீர்கள். நான் வாங்கியது ஒரே இரவில் முனை கருகிவிட்டது.

கேள்வி: நேஷனல் பார்க் சீனியர் பாஸ் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு உண்டா? ஜூலை 4-க்கு அது தேவையா?

பதில்: 62 வயது முடிந்த குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் உண்டு. வருடத்துக்கு 20 டாலர், ஆயுள் முழுவதற்கும் 80. விசிட்டர் விசாவில் வந்த அப்பா அம்மாவுக்குக் கிடையாது. நேஷனல் மாலுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை, அதனால் அங்கே பாஸ் தேவைப்படாது. பல ஃபெடரல் கேம்ப்கிரவுண்டுகளில் அதைக் காட்டினால் பாதி வாடகைதான். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் கிரீன்பெல்ட் பார்க் அப்படிப்பட்டது, ஆனால் அங்கே மின் இணைப்பு கிடையாது.

கேள்வி: ஆர்வியை நகரத்துக்குள்ளேயே ஓட்டிப்போய் எங்காவது பார்க் செய்யலாமா?

பதில்: கூடாது. அன்று நேஷனல் மாலைச் சுற்றிப் பல தெருக்களை மூடிவிடுவார்கள். வண்டியைக் காலேஜ் பார்க் என்ற புறநகர்ப் பக்கத்துக் கேம்ப்கிரவுண்டிலேயே விட்டுவிட்டு மெட்ரோவில் போங்கள். கண்ணாடி பாட்டிலும் மதுவும் சோதனையில் போய்விடும், தண்ணீரைப் பிளாஸ்டிக்கில் கொண்டுபோங்கள். வேடிக்கை முடிந்ததும் ஸ்மித்சோனியன் ஸ்டேஷனில் கூட்டம் நெரியும். உங்களில் ஒருவருக்கு முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். லான்ஃபான் பிளாஸா வரை மெதுவாக நடந்துபோய் ஏறுங்கள். அங்கிருந்து கிரீன் லைன் நேரே காலேஜ் பார்க் போகும், வண்டி மாற வேண்டியதில்லை.