சிமுலேற்றர் சோதனைக்குக் காப்பை அடகு வைக்கலாமா?

பரந்தனில் இருந்து கேட்ட அம்மாவுக்கு,

விமானியாகப் பழகும் மகனுக்கு அடுத்த மாதம் ஏ320 விமானத்தின் சிமுலேற்றர், அதாவது தரையிலுள்ள மாதிரி விமானியறையில் சோதனை. அதற்கு முன் தனியாகக் காசு கட்டி இன்னும் சில மணித்தியாலம் பழக, மிஞ்சியிருக்கும் காப்பையும் அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வையுங்கள், அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

பலரும் பயப்படுவது ஓர் இடத்துக்குத்தான். ஓடுபாதையில் வி1 என்றொரு வேகம் உண்டு. அதைத் தாண்டினால் நிறுத்தக்கூடாது, எழும்பியே ஆக வேண்டும். பரீட்சகர் அந்த நேரம் பார்த்து ஒரு எஞ்சினை நிறுத்திவிடுவார். உழவு மெசினின் ஒரு சில்லு சேற்றில் புதைந்தால் அந்தப் பக்கம் இழுக்குமே, அதேபோல மூக்கு நின்றுபோன எஞ்சின் பக்கம் திரும்பும். ஓடுகிற எஞ்சின் பக்கத்து ரடர் பெடலை (மூக்கை இடம் வலம் திருப்பும் கால்மிதியை) மிதித்து நேராக்க வேண்டும். மணிச்சத்தம் கேட்கும், திரையில் எச்சரிக்கை வரும். ஆனாலும் 400 அடி உயரம் வரும்வரை, சில்லுகளை உள்ளே இழுப்பதும் மணிச்சத்தத்தை நிறுத்துவதும் தவிர வேறெதிலும் கைவைப்பதில்லை. அதுவரை விமானத்தை ஓட்டுவது மட்டும்தான் வேலை. அவசரப்பட்டுப் பிழையான சுவிட்சைத் தொட்டால்தான் ஆபத்து.

பதறாத கையை வீட்டிலேயே பழகலாம். விமானியறைப் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டி, முன்னால் கதிரை போட்டு மகனை இருக்கச் சொல்லுங்கள். செய்ய வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, கை உரிய இடத்தைத் தொட வேண்டும். தங்கச்சி செக்லிஸ்டை (சரிபார்க்கும் பட்டியலை) வாசிக்கட்டும். மகன் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும், சும்மா ஒப்பிக்கக்கூடாது. இடையில் நீங்கள் சோறு போடவா என்று கேட்டுக் குழப்புங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாரா என்று பாருங்கள்.

அப்புறம், எங்கட பிள்ளைகள் பெரியவர் பக்கத்தில் இருந்தால் வாய் திறக்கமாட்டார்கள். வீட்டில் அது மரியாதை, அங்கே அது குறை. கப்டன் உயரத்தைத் தவறவிட்டால் துணை விமானி சொல்லியே ஆக வேண்டும். பரீட்சகர் அதையும் பார்ப்பார். ஆங்கிலம் வேகமாக வர வேண்டியதில்லை, தெளிவாக இருந்தால் சரி.

ஒரு பகுதியில் பிழைவிட்டாலும் பெரும்பாலும் மேலதிகப் பயிற்சி தந்து மீண்டும் பார்ப்பார்கள். வேலை கிடைத்த பிறகும் வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படியொரு சோதனை இருக்கும், ஆகவே இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

சிமுலேற்றர்கள் இரவு பகலாக ஓடுபவை. அவருக்கு நேரம் நள்ளிரவுக்குப் பின்கூடக் கிடைக்கலாம். முந்தின நாளே போய்ச் சேரட்டும். அந்த வாரம் பகலில் படுத்திருந்தால் எழுப்பாதீர்கள்.