மெல்பேர்னில் தத்தெடுத்த ஓய்வுபெற்ற ரேஸ் நாயை நுவரெலியாவுக்குக் கூட்டி வரலாமா?

கூட்டி வாருங்கள். அங்கேயே யாரிடமாவது கொடுத்துவிட்டு வருவது நல்லதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பந்தயக் கொட்டிலிலேயே வளர்ந்த நாய், வீடு என்றால் என்னவென்று உங்களிடம் வந்துதான் பழகியிருக்கும். இன்னொரு தடவை இடம் மாறத்தான் வேண்டுமென்றால் உங்களோடு சேர்ந்து மாறட்டும்.

நானும் மெல்பேர்னில் ஆறு வருடம் இருந்துவிட்டு, 5 வயதுக் கிரேஹவுண்ட் ஒன்றோடு தலவாக்கலைக்குத் திரும்பியவள். காதுக்குள் பச்சை குத்திய அடையாளமும், வாயில் நுழையாத ஒரு ரேஸ் பெயரும் அவளுக்கு இருந்தன. மான் நிறமாக இருக்கிறாளே என்று அம்மா 'மானு' என்று கூப்பிட்டார், அதுவே நிலைத்துவிட்டது.

மணிக்கு 70 கிலோமீற்றர் வரை ஓடுகிற நாயை மலைநாட்டில் எங்கே ஓடவிடுவது என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தக் கவலையே வேண்டாம். மானு ஒரு நாளில் 16 மணித்தியாலமாவது தூங்குவாள். காலையும் பின்னேரமும் அரை மணித்தியால நடை அவளுக்குப் போதும். எங்களைக் கஷ்டப்படுத்தியது குளிரும் படிகளும்.

கிரேஹவுண்டுகளின் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு, மயிரும் மெல்லியது. நீங்கள் வரப்போவதோ 1868 மீற்றர் உயரத்தில், தை மாதத்தில் புல்லில் உறைபனி படிகிற ஊருக்கு. மானு முதல் வாரம் நடுங்கியதைப் பார்த்து, கொழுந்தெடுத்த காலத்தில் போர்த்திய தன் பழைய கம்பளியை அம்மா வெட்டி, வயிற்றுக்குக் கீழே நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தார். நான் காசு கொடுத்து வாங்கி வந்த கோட்டை விட அதில்தான் அவள் நிம்மதியாகப் படுத்தாள். சீமெந்துத் தரையில் மட்டும் படுக்க விடாதீர்கள், முழங்கை எலும்பு உரசிப் புண்ணாகும். தடித்த மெத்தை கட்டாயம்.

ரேஸ் நாய்கள் பல படியையே பார்க்காமல் வளர்ந்தவை. ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு 22 படி. எப்படியோ ஏறிவிட்டவள் இறங்க மறுத்து இஸ்தோப்பிலேயே நின்றாள். ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, நாலு நாளில் பழக்கினோம். பாவம் பார்த்துத் தூக்காதீர்கள், தூக்கினால் பழகாது.

அப்புறம் வார். எவ்வளவு சாதுவாக இருந்தாலும் வெளியே அதைக் கழற்றவே கூடாது. ஒருநாள் பூனையைக் கண்டு மானு இழுத்த இழுப்பில் வார் என் கையை விட்டுப் போய்விட்டது. நான் கத்தியது அவள் காதில் ஏறவில்லை. கண்ணால் பார்த்துத் துரத்துகிற இனம், கண்டுவிட்டால் அவ்வளவுதான். நேரே கவ்வாத்து வெட்டிய மலைக்குள் பாய்ந்தாள். இவற்றின் தோல் கடதாசி மாதிரி. வெட்டிய தேயிலைக் கட்டை குத்தி விலாவில் ஒரு சாண் நீளம் கிழிந்துவிட்டது. அன்றைக்கு அதோடு போனதே பெரிய விஷயம். தோட்ட ஓரங்களில் பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கில் சிறுத்தைகளே மாட்டிச் செத்திருக்கின்றன, அந்த வேகத்தில் போகிற நாய் என்னாகும்? சிறுத்தை நாயைப் பிடிக்கிற ஊர்களும் இவை. இருட்டிய பிறகு வெளியே கட்டி வைக்காதீர்கள்.

தையல் போட்ட மிருக வைத்தியர் அதுவரை இந்த இனத்துக்கு வைத்தியம் பார்த்ததில்லை. தயோபென்டல் போன்ற மயக்க மருந்துகள் கிரேஹவுண்ட் உடம்பிலிருந்து நீங்க அதிக நேரம் எடுக்கும். இரத்தத்தில் சிவப்பணு அளவும் மற்ற நாய்களை விட இயல்பாகவே கூட. இரண்டையும் மெல்பேர்ன் வைத்தியரிடம் எழுதி வாங்கி வந்திருந்தேன். இவர் அதை வாசித்துவிட்டு வேறு மருந்து கொடுத்தார். நீங்களும் அப்படி ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே உண்ணிக் காய்ச்சல் உண்டு, ஆகவே உண்ணி மருந்தை ஒரு மாதமும் தவறவிடாதீர்கள்.

கொண்டுவருவதற்கான அனுமதியைப் பேராதனையில் உள்ள விலங்கு உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்திடம் முன்கூட்டியே எடுக்க வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள். இவற்றுக்குத் தலையை விடக் கழுத்து தடிப்பு, சாதாரணப் பட்டியை நொடியில் உருவிவிடும். இழுத்தால் இறுகுகிற அகலப் பட்டியை எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் காணவில்லை. வரும்போது இரண்டு வாங்கி வாருங்கள்.