வாசகர் கேள்வி: கராஜ் மோட்டார் மாற்றுவதற்கு முன்

கேள்வி: அண்ணா, நான் டர்பன் சாட்ஸ்வர்த் சில்வர்கிளெனில் இருக்கிறேன். எங்கள் இரட்டைக் கராஜுக்கு மெரான்டி மரக்கதவு. பாதி ஏறியதும் மோட்டார் முனகிக்கொண்டு நின்றுவிடுகிறது. கதவும் மோட்டாரும் போட்டு 14 வருடம் ஆகிறது. இதையெல்லாம் என் வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்வார். வருடா வருடம் கதவுக்கு வார்னிஷ் அடிப்பார். அவர் போய் மூன்று வருடமாகிறது, அதற்குப் பிறகு யாரும் அடிக்கவில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை கோவிலுக்குப் போய் இருட்டியபின் திரும்பினால், வாசலில் காருக்குள் உட்கார்ந்து ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருக்கிறேன். பயமாக இருக்கிறது. புது மோட்டார் போட வந்தவர்களில் ஒருவர் 600 நியூட்டன் போதும் என்கிறார், இன்னொருவர் 1000 இல்லாவிட்டால் இழுக்காது என்கிறார். ஜோஹானஸ்பர்கில் இருக்கும் மகன், போனிலேயே திறக்கிற மாதிரி வாங்கச் சொல்கிறான். எதை நம்பி வாங்குவது?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இருட்டில் வாசலில் தனியாகக் காத்திருப்பது இந்த ஊரில் எவ்வளவு ஆபத்து என்று நம் எல்லோருக்கும் தெரியும். கதவு சரியாகும்வரை ஒன்று செய்யுங்கள். வீட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே பக்கத்து வீட்டாருக்கு போன் போடுங்கள். அவர்கள் விளக்கைப் போட்டு வெளியே வந்து நின்ற பிறகு வண்டியை உள்ளே திருப்புங்கள். யாராவது பின்னால் வருவதாகத் தோன்றினால் வாசலில் நிறுத்தவே வேண்டாம், நேராகப் போலீஸ் நிலையத்துக்கு ஓட்டுங்கள். மோட்டார் பேச்சு அப்புறம்.

சரி, மோட்டாருக்கு வருவோம். மெர்பேங்கில் இருந்துகொண்டு 31 வருடம் டர்பன் முழுக்கக் கராஜ் கதவு மாட்டினவன் என்ற முறையில் சொல்கிறேன்: கதவின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். மோட்டார் அதை இழுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். உங்களுடைய இரட்டை மரக்கதவு நூறு கிலோவைத் தாண்டும். ஸ்பிரிங் நன்றாக இருந்தால் அதைச் சின்னப் பிள்ளை கூடத் தூக்கலாம். ஸ்பிரிங் சோர்ந்துவிட்டால் எந்த மோட்டாரும் முனகத்தான் செய்யும்.

சாதாரணமாக வரும் ஸ்பிரிங்குகள் 10,000 தடவை ஏறி இறங்கும் கணக்கில் செய்யப்படுகின்றன. ஒரு நாளைக்கு நான்கு தடவை என்றால் ஏழு வருடம் கூட முழுசாக வராது. உங்கள் கதவுக்கு 14 வருடம். இதற்கிடையில் ஸ்பிரிங்கை மாற்றியதாக நீங்கள் எழுதவில்லை. அதோடு வார்னிஷ் விஷயம். வார்னிஷ் போன மரம் டர்பன் மழைக்காலத்தில் ஈரத்தைக் குடிக்கும், எடை ஏறும். அதைத் தூக்கவேண்டிய ஸ்பிரிங்கோ வருடத்துக்கு வருடம் தளர்ந்துகொண்டு வருகிறது. உங்கள் வீட்டுக்காரர் செய்த வேலையின் அருமை இதில் தெரிகிறது.

ஆகவே காசைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. கதவு முழுக்க மூடியிருக்க வேண்டும், இது முக்கியம். திறந்த நிலையில் இதைச் செய்யவே கூடாது, கதவு தலையில் விழும். முதலில் டார்ச் அடித்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். சுருளில் எங்காவது நாலு விரல் அகலத்துக்கு இடைவெளி தெரிந்தால் அது ஒடிந்துவிட்டது. அத்தோடு நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். சுருள் முழுசாக இருந்தால், மோட்டாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, மேலே ரெயிலில் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுங்கள். கதவு மோட்டாரிலிருந்து விடுபடும். அப்புறம் பலமுள்ள இரண்டு பேர் கதவை இடுப்பு உயரம்வரை தூக்கி, மெல்லக் கையைத் தளர்த்திப் பார்க்கட்டும். கதவு அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி. கீழே சரிந்தால் குற்றம் மோட்டாரில் இல்லை.

ஸ்பிரிங்கை மட்டும் வீட்டு ஆட்களை வைத்துக் கழற்ற வேண்டாம், மகனிடமும் சொல்லிவிடுங்கள். என்னோடு வேலை செய்த ஒருவர் இசிபிங்கோவில் ஸ்பிரிங்கை முறுக்கும் கம்பி நழுவி மணிக்கட்டு எலும்பு இரண்டை உடைத்துக்கொண்டார். இருபது வருட அனுபவம் உள்ளவர். அந்தச் சுருளுக்குள் நூறு கிலோ கதவைத் தூக்கும் விசை அடைபட்டுக் கிடக்கிறது.

இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் சொந்த அக்கா வீட்டில், நான் வெளியூரில் இருந்த சமயம், யாரோ ஒருவர் வந்து ஸ்பிரிங்கைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மோட்டாரை மாற்றினார். இரண்டு வருடத்தில் அதுவும் போனது. அடுத்து அதைவிடப் பெரிய மோட்டார் வைத்தார். அந்த மோட்டார் தளர்ந்த கதவை முரட்டுத்தனமாக இழுத்து இழுத்து, கடைசியில் கதவின் மேல்பலகையே இணைப்போடு பிளந்துகொண்டது. இரண்டு மோட்டார், ஒரு கதவு. தேவைப்பட்டது இரண்டு ஸ்பிரிங் மட்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

இப்போது 600, 1000 கணக்கு. பத்து நியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும் விசை. 600 நியூட்டன் என்றால் அறுபது கிலோ. ஸ்பிரிங் சரியாக முறுக்கப்பட்ட ஒற்றைக் கதவுக்கு அது தாராளம். உங்களுடையது இரட்டை மரக்கதவு, மழையில் எடை கூடுகிற கதவு. 1000 உள்ளதை வாங்குங்கள், ஆனால் ஸ்பிரிங் வேலை முடிந்த பிறகு. வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கதவைக் கையால் தூக்கிப் பார்த்தீர்களா?" தூக்கிப் பார்க்காமல் விலை சொல்கிறவரை அனுப்பிவிடுங்கள்.

வாங்கும்போது நான் பார்ப்பது பேட்டரியைத்தான். 2023இல் ஸ்டேஜ் 6 லோட்ஷெடிங் என்று முறைவைத்து மின்சாரத்தை வெட்டியபோது நாம் பட்ட பாடு மறக்குமா? பேட்டரி இல்லாத மோட்டார் வைத்தவர்கள் மழையில் இறங்கி கதவைத் தூக்கினார்கள். இப்போது மின்சாரம் எவ்வளவோ பரவாயில்லை என்றாலும், ஒரு மரம் கம்பியில் விழுந்தால் போதும். பேட்டரியிலும் ஓடுகிற டிசி மோட்டார், உள்ளேயே பேட்டரி உள்ளதாக எடுங்கள். அந்த பேட்டரி 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் அளவா என்று கேளுங்கள். வீட்டு அலாரத்துக்கும் கேட் மோட்டாருக்கும் போடுகிற அதே அளவு. எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். வேறு ஏதாவது தனி வடிவம் என்றால், மாற்றும் நேரத்தில் அதைத் தேடி அலைவீர்கள். லெட்-ஆசிட் பேட்டரி இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் தாங்காது. அடிக்கடி முழுக்கத் தீர்ந்துபோய், திரும்ப நிரம்ப நேரம் கிடைக்காவிட்டால் சில மாதத்திலேயே போய்விடும். லோட்ஷெடிங் காலத்தில் நம் பேட்டரிகள் செத்தது இப்படித்தான். லித்தியம் பேட்டரி அதைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் அந்த மோட்டாரின் சார்ஜருக்கு ஒத்துவருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, உதிரி பாகம். கடையில் மலிவாகத் தொங்கும் பெயர் தெரியாத மோட்டாருக்கு உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை போனால் முழு மோட்டாரையும் தூக்கிப் போட வேண்டும். சென்டூரியன் கம்பெனி மோட்டாரை நம் நாட்டிலேயே செய்கிறார்கள். அதைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. எதை வாங்கினாலும், அதன் பல்சக்கரமும் பலகையும் டர்பனிலேயே கிடைக்குமா என்று கடைக்காரரிடம் போன் போட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள். நம்பகம் என்பதை நான் அப்படித்தான் அளப்பேன்.

ரிமோட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் மாறுகிற ரிமோட்டாக இருக்கட்டும். பழைய, ஒரே எண்ணை அனுப்பும் ரிமோட்டை யாரும் பதிவுசெய்து திறந்துவிடலாம். எண் மாறுகிற முறைகளில் உலகம் முழுக்கப் பரவிய கீலாக் நம் தென்னாப்பிரிக்காவில் பிறந்தது, தெரியுமா? பிரிட்டோரியாவில் உருவாகி, 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் கம்பெனிக்கு விற்கப்பட்டது. எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனாலும் 2008இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதையும் உடைத்துக் காட்டினார்கள், ஆகவே ரிமோட்டை மட்டும் நம்ப வேண்டாம். கதவு முழுக்க மூடித் தரையைத் தொடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே வண்டியை நகர்த்துங்கள். கதவு மூடாதபடி சிக்னலைத் தடுத்துவிட்டுத் திருடுகிறவர்களுக்கு அதுதான் மருந்து. நம் ஊர் ரிமோட்டுகள் பெரும்பாலும் 403 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். உங்கள் கேட் எதில் இருக்கிறதோ அதையே கேளுங்கள், ஒரே ரிமோட்டில் இரண்டும் முடிந்துவிடும்.

மகன் சொல்கிற போன் வசதியை வேண்டுமானால் பிறகு சேர்க்கலாம். வைஃபை போனால் அதுவும் போகும். அந்தக் காசில் முதலில் கதவின் இரு பக்கமும் கீழே, தரையிலிருந்து அரை அடி உயரத்துக்குள், ஒளிக்கதிர் சென்சார் போடுங்கள். அமெரிக்காவில் 1993 முதல் வீட்டுக் கராஜ் மோட்டார்களுக்கு இப்படி ஒரு பாதுகாப்பு கட்டாயம். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வரும் வீடு உங்களுடையது. மாட்டி முடித்ததும், கதவு இறங்கும் இடத்தில் ஐந்து சென்டிமீட்டர் உயர மரக்கட்டையைப் படுக்கவைத்து, ரிமோட்டை அழுத்தச் சொல்லுங்கள். கட்டையைத் தொட்டதும் கதவு திரும்ப மேலே போக வேண்டும். போகாவிட்டால் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை நீங்களே இதைச் செய்து பாருங்கள்.

அப்புறம், வார்னிஷ். நாலு நாள் வெயில் அடிக்கும்போது இரண்டு கோட் அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் இசிபிங்கோ பீச்சில் இருக்கிறோம் அண்ணா. ஐந்து வருடத்தில் இரண்டு மோட்டாரின் பலகை போய்விட்டது. ஒருமுறை இடி இடித்தபோது, ஒருமுறை காரணமே தெரியவில்லை. கடல்காற்றா?

பதில்: கடல்காற்றும் இருக்கலாம், பல்லியும் இருக்கலாம் தம்பி. மூடியைத் திறந்து பாருங்கள். சூடான பலகையைத் தேடிப் பல்லியும் எறும்பும் வரும். பலகையின் மேல் பல்லி செத்துக் கிடப்பதை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். வயர் நுழையும் ஓட்டைகளை சிலிகான் வைத்து அடைத்துவிடுங்கள். பச்சை பூத்திருந்தால் அது உப்பு. இடிக்கு, மோட்டார் பிளக்கில் சர்ஜ் பாதுகாப்பு ஒன்று போடுங்கள். மின்சாரம் போய்த் திரும்பி வரும் நொடியில் ஏறும் வோல்டேஜிலிருந்தும் அது காப்பாற்றும். வீட்டின் எர்த் சரியில்லாவிட்டால் அதனால் பயனில்லை, ஆகவே எலக்ட்ரீஷியனை வைத்து முதலில் எர்த்தைப் பார்த்துவிடுங்கள். ஸ்பிரிங்குக்கும் கீல்களுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிலிகான் ஸ்பிரே போதும். ரெயிலுக்குள் கிரீஸ் பூசாதீர்கள், மணல் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: பீனிக்ஸில் இருக்கிறேன். முன்பு தெருமுனையிலிருந்தே கதவு திறக்கும். இப்போது கதவுக்கு நேரே வந்து நின்றால்தான் ரிமோட் வேலை செய்கிறது. பேட்டரி மாற்றியாகிவிட்டது. புது மோட்டார் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். சமீபத்தில் மோட்டாரில் இருக்கும் பல்பை மலிவான எல்இடிக்கு மாற்றினீர்களா? சில எல்இடி பல்புகள் ரிமோட்டின் சிக்னலைக் கெடுக்கும். பல்பைக் கழற்றிவிட்டுத் தெருமுனையிலிருந்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். திறந்தால் பழைய பல்பையே போட்டுக்கொள்ளுங்கள். திறக்காவிட்டால் மோட்டாரிலிருந்து தொங்கும் சின்ன ஆன்டெனா வயர் அறுந்திருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.