இரண்டு நினைவுகளும் ஒரு முழுநிலவும்

கேள்வி: என் அம்மாவும் பெரியம்மாவும் தங்கள் சிறுவயதுக் கிறிஸ்துமஸைப் பற்றிப் பேசத் தொடங்கினால், இருவர் சொல்வதும் ஒத்துப்போவதே இல்லை. வேலை காரணமாகத் தாத்தா பண்டிகைக்கு வர முடியாமல் போன ஆண்டு 1975 என்கிறார் அம்மா. அன்று ஞாயிற்றுக்கிழமை என்றும், நள்ளிரவு ஆராதனை முடிந்து திரும்பும்போது முழுநிலவு காய்ந்தது என்றும் உறுதியாகச் சொல்கிறார். பெரியம்மாவோ அது 1978 என்கிறார். யார் சொல்வதை எழுதி வைப்பது?

பதில்: ஆண்டைப் பொறுத்தவரை இருவர் சொல்வதும் சரியாக இருக்க வாய்ப்பில்லை என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம். 1975இல் கிறிஸ்துமஸ் வியாழக்கிழமையும் 1978இல் திங்கட்கிழமையும் வந்தன. எழுபதுகளில் டிசம்பர் 25 ஞாயிற்றுக்கிழமையில் வந்தது 1977இல் மட்டும்தான். முழுநிலவும் அதே நாளில்தான் அமைந்தது. ஆக, அம்மா ஆண்டைத் தவறவிட்டாலும் கிழமையையும் நிலவையும் பிசகாமல் வைத்திருக்கிறார். நினைவு பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது: கண்ணால் கண்டது தங்கும், எண் நழுவும்.

வேறொன்றையும் கவனியுங்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே மாதிரி நடக்கும் நிகழ்வுகள் மனத்தில் தனித்தனியாக நிற்பதில்லை. அவை ஒன்றோடொன்று கலந்து ஒரே நிகழ்வாகிவிடுகின்றன என்பதை உளவியலாளர் உல்ரிக் நைசர் 1981இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். பெரியம்மா சொல்லும் கிறிஸ்துமஸ் பத்து கிறிஸ்துமஸ்களின் சாரமாக இருக்கக்கூடும். அதைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் "அந்தக் காலத்தில் எப்படிக் கொண்டாடினீர்கள்?" என்று கேட்டால் அந்தச் சாரம்தான் மறுபடியும் கிடைக்கும். மரத்தை யார் அலங்கரித்தார்கள், பரிசைப் பிரிக்க எதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது, தாத்தா இல்லாத அன்று அவருடைய நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இருவரையும் தனித்தனியே கேட்பது நல்லது. சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவரின் குரலே மேலோங்கிவிடக்கூடும். கிடைத்த இரண்டு பதிப்புகளையும், சொன்னவர் பெயரோடும் சொன்ன தேதியோடும், அடுத்தடுத்து எழுதி வையுங்கள்.

கேள்வி: பாட்டியின் பெட்டியில் கிடைத்த கருப்பு வெள்ளைப் படங்களில் கிறிஸ்துமஸ் மரம் தெரிகிறது. ஆனால் வெள்ளை ஓரத்தில் பிப்ரவரி 1966 என்று அச்சாகியிருக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். அக்காலப் படங்களின் ஓரத்தில் அச்சான மாதம், படம் எடுத்த மாதமன்று. சுருளைக் கழுவிப் பிரதி எடுத்த மாதம். எண்ணிச் சில படங்களே எடுக்க முடிந்த சுருளைப் பாதியில் கழுவக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? மிச்சமிருந்ததைப் பண்டிகைக்குப் பின் ஏதோ ஒரு விசேஷத்தில் எடுத்து முடித்திருப்பார்கள். அதனால் உங்கள் கையிலிருப்பது பெரும்பாலும் 1965ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸாக இருக்கும். அதே மாதம் அச்சான வேறு படங்கள் பெட்டியில் உள்ளனவா என்று தேடிப் பாருங்கள்.