டிராயரில் கிடக்கும் கவரை நாளைக் காலையே திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: குரூப் 4 எழுதி, கடலூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து 3 மாதம் ஆகிறது. அப்பா பண்ருட்டி பலாப்பழ மண்டியில் சுமை தூக்குபவர். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீனியர் அண்ணன் ஒருவர் என் டிராயரில் ஒரு கவரை வைத்து, "எல்லாருக்கும் உண்டு, இது உன் பங்கு" என்றார். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கவரைத் தொடவும் இல்லை, இன்னும் அப்படியே இருக்கிறது. வேண்டாம் என்றால் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம். நான் ஒன்றும் மக்கள் சேவை என்று வந்தவள் இல்லை. சம்பளம் வரும், கடன் அடையும் என்றுதான் வந்தேன். என்னைப் போன்றவள் நேர்மை பேசலாமா? இன்னொன்று, இந்த முறை தம்பியும் தேர்வு எழுதியிருக்கிறான். "தேர்வாணையத்தில் ஆள் இருக்கு" என்று ஒருவர் 7 லட்சம் கேட்கிறார். அப்பா 50,000 முன்பணம் கொடுத்துவிட்டார். என்ன செய்வது?

பதில்: அம்மா, மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்தக் கவர்.

தொடவில்லை, அதனால் வாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஊழல் தடுப்புப் போலீசார் திடீர்ச் சோதனைக்கு வந்தால் கதவைச் சாத்திவிட்டு மேசை மேசையாகத் திறந்து எண்ணுவார்கள். உங்கள் டிராயரில் இருக்கும் பணத்துக்கு நீங்கள்தான் கணக்குச் சொல்ல வேண்டும். வைத்த அண்ணன் அந்த நேரத்தில் வாய் திறக்க மாட்டார். "நான் கேட்கவே இல்லை" என்பதும் உதவாது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம், 7ஆம் பிரிவு, கேட்டு வாங்குவதோடு கேளாமல் ஏற்றுக்கொள்வதையும் சேர்த்துத்தான் பேசுகிறது. பணம் நேராக வந்ததா, இன்னொருவர் கைமாறி வந்ததா என்பதும் அதற்கு ஒன்றுதான். தண்டனை குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு, அபராதம் வேறு.

ஆகவே நாளைக் காலை, அலுவலகம் கூடியதும், அவர் கையில் நீங்களே கொடுங்கள். அலுவலக உதவியாளரிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். பாடலீஸ்வரர் கோயில் உண்டியலில் போட்டுவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். கூடாது, போடுகிற நிமிடம் வரை அது உங்கள் கையில் இருந்த பணம்தானே. "அண்ணே, எனக்கு வேணாம், தப்பா நினைக்காதீங்க" என்ற அளவுக்குப் பேசினால் போதும். நேர்மையைப் பற்றி அவருக்குப் பாடம் எடுக்காதீர்கள். பணத்தை மறுத்ததைவிட, மறுத்தபோது பேசிய பேச்சுக்காகப் பழிவாங்கப்பட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மறுபடியும் வைத்தால் மறுபடியும் அப்படியே கொடுங்கள். மூன்றாவது முறையும் வைத்தால் அது பழக்கமில்லை, உங்களைச் சிக்கவைக்கும் முயற்சி. அப்போது எழுத்தில் மேலதிகாரிக்குக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒதுக்குவார்களா? ஒதுக்குவார்கள். 1982இல், ஒன்றுபட்ட தென்னாற்காடு மாவட்டத்தில் ஓர் அலுவலகத்தில் நான் சேர்ந்தபோது இதே கவர் எனக்கும் வந்தது. வேண்டாம் என்றேன். 6 மாதம் யாரும் என்னை டீ குடிக்கக் கூப்பிடவில்லை. பிறகு யாரும் விரும்பாத பதிவறைக்கு அனுப்பினார்கள். 2 வருடம் பழைய நிலப் பதிவேடுகளோடு தூசியில் உட்கார்ந்திருந்தேன், அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், உங்கள் பயத்தின் அளவு உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான். மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தற்காலிகப் பணிநீக்கம், பாதிச் சம்பள அளவுக்குப் பிழைப்பூதியம், கடுந்தண்டனைக்கு வழிவைக்கும் 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை, பதவி உயர்வுப் பட்டியல் வரும்போதெல்லாம் உங்கள் பெயரைத் தாண்டிப் போவது, விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் வழக்குக்காக அலைவது. நீங்களோ 2 ஆண்டு தகுதிகாண் பருவத்தைக்கூட இன்னும் முடிக்கவில்லை.

ஒன்றை மட்டும் விடாமல் செய்யுங்கள். உங்களுக்கு வரும் தபால்களைக் குறிக்கும் தன்பதிவேட்டை அன்றன்றைக்கு எழுதுங்கள். பங்கு வாங்காத எழுத்தரை மடக்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது அவருடைய நிலுவைக் கோப்புகளைத்தான். "இத்தனை தபால் தேங்கியிருக்கிறது, விளக்கம் கொடு" என்று ஒரு குறிப்பாணை வந்தால் உங்கள் நேர்மை அங்கே எடுபடாது. எந்தத் தபால் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் மேலே போனது என்று கோடு தவறாமல் இருந்தால் யாராலும் அசைக்க முடியாது. காலையில் பையில் எவ்வளவு பணத்தோடு வந்தீர்கள் என்று எழுதிவைக்கும் பதிவேடு உங்கள் அலுவலகத்தில் இருந்தால், 200 ரூபாயாக இருந்தாலும் எழுதுங்கள்.

அடுத்து, சம்பளத்துக்காக வந்தவள் நேர்மை பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியில் இருக்கும் கூச்சம் எனக்கு வருத்தமாக இருந்தது. நானும் சம்பளத்துக்காகத்தான் வந்தேன். 1980இல் ஊர்க் கணக்கும் வரிவசூலும் பார்த்த பரம்பரை கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர் என்ற வேலையைத் தேர்வு எழுதி வருவோருக்குத் திறந்துவிட்ட பிறகுதான் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்தக் கணக்குப் புத்தகத்தைத் தொடும் வாய்ப்பே வந்தது. வயிற்றுக்காக வந்தோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளைப் புரட்டிப் பாருங்கள். பணியில் முழு நேர்மையும் கடமையில் ஈடுபாடும் வேண்டும் என்று கேட்கிறது. எதற்காக வந்தாய் என்று எங்கேயும் கேட்கவில்லை.

உங்கள் கடலூரிலேயே இதற்குப் பழைய கதை உண்டு. தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடக்கும் செயின்ட் டேவிட் கோட்டைக்கு 1756இல் பொறுப்பாளராக வந்த ராபர்ட் கிளைவ், கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்தபோது அவர் சம்பளம் ஆண்டுக்கு 5 பவுண்டு. அதை நம்பியா கப்பல் ஏறி வந்தார்கள்? சொந்த வியாபாரமும் அன்பளிப்பும்தான் கணக்கு. பிறகு கவர்னர் ஜெனரலாகக் காரன்வாலிஸ் வந்து சம்பளத்தை உயர்த்தி, சொந்த வியாபாரத்தைத் தடுத்தார். ஒருவர் சம்பளத்தை நம்பி வேலைக்கு வருவது நல்ல விஷயம். சம்பளத்தை நம்பாமல் வேறொன்றை நம்பி வருபவரைத்தான் பார்த்துப் பயப்பட வேண்டும். உங்கள் ஊதிய விகிதம் 19,500இல் தொடங்குகிறது, அகவிலைப்படி தனி. அதை நம்பி வந்தீர்கள், அவ்வளவுதான்.

2011 டிசம்பர் 30, தானே புயல் உங்களுக்கு நினைவிருக்கும், சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. உங்கள் அப்பாவுக்கு மண்டியில் பல மாதம் வேலையே இருந்திருக்காது. அப்போது விழுந்த மரங்களைக் கணக்கெடுக்கப் போன ஆட்களில், மரத்தைப் பட்டியலில் எழுதக் காசு கேட்டவனை எனக்குத் தெரியும். இருட்டிய பிறகும் டார்ச் அடித்துத் தோப்பு தோப்பாக நடந்து, ஒரு கிழவியின் 4 மரத்தை விடாமல் எழுதியவனையும் தெரியும். இரண்டு பேரும் ஒரே தேர்வில் வந்தவர்கள், இரண்டு பேரும் சம்பளத்துக்கு வந்தவர்கள்தான்.

ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் 2013 முதல் அறவியலுக்கு என்றே 250 மதிப்பெண்ணில் தனித்தாள் வைத்திருக்கிறார்கள். நல்லது. குரூப் 4 எழுதி வரும் 22 வயதுப் பெண்ணுக்கு அப்படி ஒரு தாளும் இல்லை. ஆனால் கவர் முதலில் வருவது அவள் மேசைக்குத்தான். ஜமாபந்தி என்ற வருடாந்தர வருவாய்க் கணக்குத் தணிக்கை வரும், பந்தல், சாப்பாடு, மேலதிகாரி வண்டிக்கு டீசல் எல்லாம் வேண்டும். அதற்கு ஒதுக்கும் பணம் போதாது, ஆனால் ஏற்பாடு மட்டும் குறையக் கூடாது. இந்தச் செலவை அடியில் இருப்பவர்கள் தலையில் கட்டிவிட்டு, வெள்ளிக்கிழமைக் கவர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவர்கள் போல மேலே இருப்பவர்கள் கேட்கும்போது எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. ஊழலைப் பற்றிப் புகார் தருவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2014இல் ஒப்புதல் பெற்றது. பத்தாண்டு தாண்டியும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வரவில்லை. மேலதிகாரிக்கு எழுதிக் கொடுங்கள் என்று உங்களுக்குச் சொல்லும்போது எனக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை.

இனி அந்த 7 லட்சக்காரர். உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் பதறவைத்தது இதுதான்.

குரூப் 4இல் நேர்முகத் தேர்வு கிடையாது. விடைத்தாள், தரவரிசை, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு. இதில் எந்த இடத்தில் அந்த ஆள் உங்கள் தம்பிக்காகப் பேசுவார் என்று அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள். இந்தப் புரோக்கர்களின் தொழில் ரகசியம் மிகச் சின்னது. 10 பேரிடம் முன்பணம் வாங்குவார்கள். அதில் 2 பிள்ளைகள் ராப்பகலாகப் படித்துத் தானாகவே தேறிவிடுவார்கள். "பார்த்தியா, நான் முடிச்சுக் கொடுத்தேன்" என்று அவர்களிடம் மிச்சத்தை வசூலிப்பார்கள். மற்ற 8 பேருக்கு "அடுத்த தடவை பார்ப்போம்". அந்தப் பிள்ளை தன் உழைப்பில் வாங்கிய வேலையை யாரோ வாங்கிக் கொடுத்தது என்று வாழ்நாளெல்லாம் நம்பிக்கொண்டிருக்கும். இதைவிடப் பெரிய திருட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

உண்மையிலேயே உள்ளே ஆள் வைத்துச் செய்தவர்கள் கதியும் தெரிந்ததுதான். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேடு 2020 ஜனவரியில் வெளியே வந்தது. அழியும் மையில் எழுதவைத்துப் பிறகு விடையை மாற்றியிருந்தார்கள். 99 பேருக்கு வாழ்நாள் தடை. பணம் போனது, வயலை விற்றது போனது, இனி தேர்வாணையத்தின் எந்தத் தேர்வும் எழுத முடியாது.

பிடிபடாமல் தப்பியவர் என்றே வைத்துக்கொள்வோம். 7 லட்சம், அதற்கு மாத வட்டி. 19,500இல் தொடங்கும் சம்பளத்தில் அவர் எப்படி அடைப்பார்? வேலையில் சேர்ந்த முதல் நாளே அவருக்கு அந்தக் கவர் தேவைப்படும். உங்கள் அலுவலக அண்ணன் எப்படி வந்தார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அப்படி வந்தவர்கள் பலரைத் தெரியும்.

அப்பா கொடுத்த 50,000 விஷயத்தில் ஒரு தப்பான யோசனை ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். "கொடுத்து 7 நாளுக்குள் புகார் கொடுத்துட்டா கொடுத்தவங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்பார்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. அதிலிருந்து விலக்கு, கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவருக்கு. அவர் 7 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் விலக்கு. வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் கணவரின் பணத்தை எடுக்க முடியாத விதவை, "கொடுத்தால்தான் கையெழுத்து" என்று நிறுத்திவைக்கப்பட்டுக் கொடுத்தால் அது கட்டாயம். தனக்குச் சேர வேண்டியதைப் பெற வேறு வழியில்லாமல் கொடுத்திருக்கிறார். உங்கள் தம்பிக்கு அந்த வேலை இன்னும் சேர வேண்டியதாக ஆகவில்லை. இன்னொரு பிள்ளையைத் தாண்டி வாங்கித் தருகிறேன் என்ற வாக்குக்காக அப்பா மனம் ஒப்பிக் கொடுத்தார். 7 நாள் ஆகாவிட்டாலும் இதைக் கட்டாயம் என்று சொல்லி நிற்பது கஷ்டம். இன்னொரு வழியும் சட்டத்தில் இருக்கிறது. கொடுப்பதற்கு முன்பே போலீசாரிடம் சொல்லி, அவர்கள் ஏற்பாட்டில், ரசாயனப் பொடி தடவிய நோட்டைக் கொடுத்தால் கொடுத்தவர் மேல் குற்றமில்லை. அது கொடுப்பதற்கு முன்னால். கொடுத்த பிறகு அந்த வாசலும் கிடையாது.

ஆனால் அந்த ஆளுக்குத் தேர்வாணையத்தில் யாரையுமே தெரியாது என்றால், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், இது நேராக மோசடி. ஏமாந்தவராக அப்பா எஸ்.பி. அலுவலகத்தில், மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். அதற்கு முன் ஒரு வக்கீலிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லட்டும். மிச்சம் 6.5 லட்சத்தில் ஒரு ரூபாய்கூட இனி போகக் கூடாது. தம்பியின் அசல் மதிப்பெண் சான்றிதழையோ, தொகை எழுதாத காசோலையையோ, கையெழுத்துப் போட்ட வெற்றுப் பத்திரத்தையோ "பாதுகாப்புக்கு" என்று வாங்கி வைத்திருக்கிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள். வாங்கியிருந்தால் பணத்தைவிட முதலில் அவற்றைத் திரும்ப வாங்க வேண்டும். நீங்கள் அரசு ஊழியர். அந்த ஆளிடம் நீங்கள் போகவும் கூடாது, உங்கள் செல்போனிலிருந்து ஒரு வார்த்தை அனுப்பவும் கூடாது.

அடுத்து, முள்ளோடை எல்லை தாண்டிப் புதுவைத் தேர்வுகள் பக்கமும் பேச்சு போகலாம். புதுச்சேரிக்குத் தனித் தேர்வாணையம் கிடையாது. பல பணியிடங்களுக்கு அரசின் பணியாளர் துறையே தேர்வு நடத்துகிறது. "அதான் அங்கே ஈசி, மந்திரி ஆளு சொன்னா போதும்" என்று அடுத்த புரோக்கர் அங்கிருந்து வருவார். அங்கே மத்திய அரசின் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் செல்லும், சி.பி.ஐ. நேரடியாக விசாரிக்கலாம், மற்றபடி சட்டம் இதே சட்டம்.

தம்பியிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அப்பா பணம் கொடுத்தது அவனுக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாவிட்டால் தெரியப்படுத்துங்கள். முடிவு வந்து அவன் தேறியிருந்தால், கலந்தாய்வுக்குக் கிளம்பும் அன்று அந்த ஆள் மிச்சப் பணத்துக்கு உங்கள் வீட்டு வாசலில் நிற்பார். அப்போது பேசப்போவது உங்கள் தம்பிதான்.