அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்விதான் சார்

கேள்வி: எனக்கு 61 வயது, அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூட நாளிலிருந்தே வேதாளர் காமிக்ஸ் என்றால் உயிர், முகமூடி போட்டுக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஒரு காட்டைக் காக்கிறாரே, அந்த நாயகன்தான். என் நண்பன் ஒருவனும் அப்படித்தான். நாற்பது வருஷமாக இருவரும் சேர்ந்து பழைய புத்தகக் கடைகளில் தேடி, நாளிதழில் வந்த துண்டுகளை வெட்டி நோட்டில் ஒட்டி, சேர்த்து வைத்திருக்கிறோம். மாதம் ஒரு ஞாயிறு என் வீட்டு மொட்டை மாடியில் ஐந்தாறு பேர் கூடிப் பேசுவோம். போன தடவை நண்பனின் மகளும் வந்தாள், எம்.ஏ. படிக்கிறாள். பேச்சுக்கு நடுவில், "மாமா, இருபத்தோரு தலைமுறையாக அந்தக் காட்டைக் காப்பாற்ற வெள்ளைக்காரர்தான் வேண்டுமா? அந்த ஊர்க்காரர் ஒருத்தர்கூடத் தேறவில்லையா?" என்றாள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "நாலு புத்தகம் படித்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா, பிடிக்காவிட்டால் எழுந்து போ" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவள் எழுந்து போனாள், கூடவே அவள் அப்பாவும் போய்விட்டான். ஆறு வாரமாக அவனிடமிருந்து போன் இல்லை. நான் செய்தது தப்பா? என் சிறு வயது சந்தோஷத்தை இப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? இன்னொன்று, சின்ன வயதிலிருந்து அவளுக்கு நான்தான் புத்தகம் கொடுத்து வந்தேன். இப்போதும் என் மூன்று புத்தகங்கள் அவளிடம் இருக்கின்றன. திருப்பிக் கேட்கலாமா?
(பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: தப்புதான் சார். முதலில் அதைச் சொல்லிவிட்டே மற்றதைப் பேசுகிறேன். உங்கள் வீட்டுக்கு வந்த பெண்ணை, அதுவும் உங்களை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்த பெண்ணை, பத்துப் பேர் முன்னால் எழுந்து போ என்று சொன்னது தப்பு. அவள் சொன்ன கருத்து சரியா தவறா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உங்கள் கடிதத்தில் கடைசியாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, சின்ன வயதிலிருந்து நான்தான் புத்தகம் கொடுத்தேன் என்று, அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்படியானால் அவள் வெளியிலிருந்து வந்து கல் எறிந்தவள் இல்லை. வேதாளர் வாழும் மண்டை ஓட்டுக் குகையும் அவர் நண்பன் குரனும் டெவில் என்கிற ஓநாயும் உங்கள் கையால் அவளுக்குப் போய்ச் சேர்ந்தவை, உங்கள் அலமாரியில் படித்து வளர்ந்தவள்தான் இருபது வயதில் அந்தக் கேள்வியைக் கேட்கிறாள். பிடிக்காத கதையைப் பற்றி யாரும் மொட்டை மாடி ஏறி வந்து கேள்வி கேட்பதில்லை, சும்மா விட்டுவிடுவார்கள்.

சரி, கேள்வி நியாயமானதா? நியாயமானதுதான். லீ ஃபாக் இந்தக் கதையை ஆரம்பித்தது 1936 பிப்ரவரி 17 அன்று. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பாதிக்கு மேல் வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்த காலம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் வளர்ந்த இளைஞர், ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் காட்டுக் கதைகள் போன்றவற்றைப் படித்து மனதில் வைத்துக்கொண்டு, தான் பார்த்திராத ஒரு காட்டைக் கற்பனை செய்தார். அதுவும் ஆரம்பத்தில் ஆப்பிரிக்கா இல்லை. வங்காளத்தை நினைவுபடுத்தும் பெயரோடு ஆசியாவில் எங்கோ ஓர் இடம், பிறகுதான் மெல்ல மெல்ல ஆப்பிரிக்காவுக்கு நகர்ந்து பங்கல்லா என்கிற கற்பனை நாடு ஆனது. கதையில் வரும் ஈடன் தீவில் சிங்கத்தோடு சேர்ந்து புலியும் மீன் தின்றுகொண்டு இருக்கிறதே, ஆப்பிரிக்காவில் ஏது புலி என்று நீங்களும் உங்கள் நண்பரும் ஒரு ஞாயிறாவது பேசியிருப்பீர்கள். அந்தப் பழைய ஆசியக் காட்டின் மிச்சம் அது. அப்புறம் குரனின் குலத்துக்குப் பெயர் பந்தர். இந்தியில் பந்தர் என்றால் குரங்கு, கிப்ளிங் கதையிலும் குரங்குக் கூட்டத்துக்கு இந்தச் சொல்தான். நமக்கு இந்தி தெரியாததால் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டோம். தலைமுறை தலைமுறையாக நாயகனுக்கு உயிரைக் கொடுக்கிற ஒரு குலத்துக்கு இப்படி ஒரு பெயர் என்று தெரிந்த பிறகு, அந்தப் பெண் கேட்டதை அதிகப்பிரசங்கம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு விஷயம் உங்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1964-இல் இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கியபோது மூலத்தில் இருந்ததை அப்படியே போடவில்லை. முதல் கதையிலிருந்தே வில்லன்களாக வரும் சிங் கடற்கொள்ளையர்களை இங்கே சிங்கா என்று மாற்றினார்கள், நாட்டின் பெயரை டென்காலி ஆக்கினார்கள். கொள்ளைக்காரக் கூட்டத்துக்கு சிங் என்று பெயர் இருந்தால் இங்கே படிக்கிறவர்களுக்கு உறுத்தும் என்பதால்தான். அதாவது நமக்கு வலிக்கக்கூடிய இடத்தை நமக்கு முன்னாலேயே ஒருவர் பார்த்துத் தடவிக் கொடுத்துவிட்டார். நாமும் நிம்மதியாகப் படித்தோம். பங்கல்லாக்காரருக்கு அப்படிப் பார்த்துக் கொடுக்க யாரும் இல்லை. அந்தப் பெண் தனக்காகக்கூடக் கேட்கவில்லை சார், அவர்களுக்காகக் கேட்கிறாள்.

இதைச் சொல்லிவிட்டு, அடுத்ததையும் அதே அழுத்தத்தோடு சொல்கிறேன். உங்கள் பிரியத்தில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ராணி காமிக்ஸில் இதே வேதாளரை முகமூடி மாயாவி என்கிற பெயரில் படித்தவள் நான். பக்கத்து வீட்டு அண்ணன் படித்து முடிக்கும்வரை வாசல் படியில் காத்திருந்து, கடைசிப் பக்கம் கிழிந்துபோன புத்தகத்தை வாங்கிப் படித்து, முடிவை நானே கற்பனை செய்துகொண்ட நாட்கள் உண்டு. அப்போது எனக்கு மாயாவியின் நிறம் மனதில் பதியவே இல்லை. அப்பா இறந்தால் மகன் அதே உடையைப் போட்டுக்கொள்கிறான், அதனால் ஊரே அவனைச் சாவில்லாதவன் என்று நம்புகிறது, அந்த ரகசியம் எனக்கும் சில காட்டுவாசிகளுக்கும் மட்டும் தெரியும். அந்த ஒன்றுதான் பத்து வயதில் என்னை இழுத்தது. உங்களையும் அதுதான் இழுத்திருக்கும். அந்தப் பெண்ணையும்தான்.

இதே ரகசியம் எங்கெல்லாம் போனது பாருங்கள். பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் வாகி பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். அங்கே 1980களில் குலச் சண்டைகள் மறுபடி மூண்டபோது, ஆளுயரப் போர்க் கேடயங்களில் அந்த மக்கள் வேதாளரை வரைந்துகொண்டார்கள். முகமூடி, மண்டை ஓடு, எல்லாமே இருக்கும். அந்தக் கேடயங்கள் இப்போது அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சாகாத மனிதன் கேடயத்தில் இருந்தால் பின்னால் நிற்கிறவனுக்குத் தெம்பு, அவ்வளவுதான். யாரும் அவர்களிடம் இவர் உங்கள் காவலர் என்று சொல்லிக் கொடுக்கவில்லை, தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு வெள்ளைக்கார நாயகனைத் தங்கள் குலத்துக்காரன் ஆக்கிக்கொண்டார்கள். இதனால் கதையின் குறை மறைந்துவிடாது. ஆனால் ஒரு கதையை எழுதியவர் நினைத்தபடியேதான் வாசகர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

ஃபாக்கும் 1936-இலேயே நின்றுவிடவில்லை. 1960-இல் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை அடைந்தன. அந்தக் காலத்தை ஒட்டித்தான் பங்கல்லாவுக்கும் தேர்தல் வந்தது, லமாண்டா லுவாகா என்கிற மருத்துவர் ஜனாதிபதி ஆனார், கறுப்பினத்தவர், படித்தவர், நேர்மையானவர். கொடுங்கோலன் பாபாபு ஆட்சியைப் பிடிக்க வந்தபோது வேதாளர் மக்கள் ஓட்டின் பக்கம் நின்றார். போதுமா என்றால் போதாது என்று அந்தப் பெண் சொல்லக்கூடும், சொல்லட்டும். 1977-இல் வேதாளர் தன் காதலி டயானாவைக் கல்யாணம் செய்துகொண்டார், 1979-இல் கிட், ஹெலோயிஸ் என்று இரட்டைக் குழந்தைகள். 1999-இல் சாகும்வரை 63 வருஷம் ஃபாக்கே எழுதினார், பிறகு எழுத வந்த டோனி டிபால் அந்தப் பிள்ளைகளை வளரவிட்டார். கிட் இமயமலைக்குப் படிக்கப் போனான், ஹெலோயிஸ் தனி ஆளாக ஒரு பயங்கரவாதியை மடக்கிப் பிடித்தாள். அடுத்த வேதாளர் மகனா மகளா என்று ரசிகர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். பதினேழாவது வேதாளரின் சகோதரி ஜூலி அந்த உடையை ஏற்கெனவே போட்டிருக்கிறாள் என்பதால் மகள் பக்கம் நிற்கிறவர்களிடம் நல்ல வாதமும் இருக்கிறது. (நான் மகள் கட்சி.) இப்படி மாறிக்கொண்டே வந்த ஒரு தொடரைப் பற்றி, இது ஏன் இன்னும் மாறவில்லை என்று ஒருத்தி கேட்டால், அவள் தொடரின் போக்கிலேயேதான் யோசிக்கிறாள்.

உங்களுக்குக் கோபம் வந்தது எதனால் என்று நான் நினைப்பதைச் சொல்லட்டுமா? இந்த நாற்பது வருஷத்தில் மொட்டை மாடியில் நீங்கள் போடாத சண்டை இருக்காது. ஓவியர்களில் ஸை பாரி வரைந்தது அழகா வில்சன் மெக்காய் வரைந்தது அழகா, உடை ஊதாவா நீலமா, இந்திரஜாலில் பக்கம் போதாமல் வெட்டிய கட்டங்கள் எவை. அதில் எல்லாம் குரல் உயர்ந்திருக்கும், ஆனால் யாரும் வீட்டுக்குப் போனதில்லை. இந்தத் தடவை மட்டும் கேள்வி கதையைத் தாண்டி உங்களைத் தொட்டுவிட்டது. இத்தனை வருஷம் நேசித்ததில் ஒரு பிசகு இருந்தது என்றால் நேசித்த நானும் பிசகா என்று பயந்துவிட்டீர்கள். இல்லை சார். பத்து வயதுப் பையனுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. 61 வயதில் தெரிந்துகொள்ளலாம், தெரிந்துகொண்டும் அதே புத்தகத்தை மடியில் வைத்துப் படிக்கலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன். சில கட்டங்களில் இப்போது கண் கூசுகிறது, அந்த இடத்தைத் தாண்டியதும் ஹீரோ என்கிற வெள்ளைக் குதிரை பாய்ந்து வந்தால் மனசும் கூடவே பாய்கிறது.

இப்போது என்ன செய்வது. நண்பருக்கு போன் போடுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். திட்டு வாங்கியது அவள். அப்பா மூலமாகச் சொல்லி அனுப்புவது, வாட்ஸ்அப்பில் கைகூப்புகிற படம் அனுப்புவது, இரண்டும் வேண்டாம், நேரில் போங்கள். "அன்றைக்கு உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா, தப்பு என்னுடையது" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதோடு ஓர் "ஆனால்" சேர்த்தீர்கள் என்றால் முழுசும் வீண். லுவாகா கதையை அன்றைக்கே எடுத்துச் சொல்லி வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள், கேடயக் கதையும் அன்றைக்கு வேண்டாம். அவள் உடனே சமாதானம் ஆகாமல் போகலாம், முகம் கொடுத்துப் பேசாமலும் இருக்கலாம், அதைத் தாங்கிக்கொண்டு காபி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள். நண்பர் பக்கத்திலேயேதான் இருப்பார், தனியாக அவருக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்காது. ஒரு அப்பாவாக அவர் செய்ய வேண்டியதைச் செய்தார், மகள் தனியாக எழுந்து போகாமல் கூடப் போனார். உங்கள் பிள்ளைக்கு யாராவது இப்படிச் செய்திருந்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

பிறகு ஒரு ஞாயிறு, அவளுக்கு விருப்பம் இருந்தால் மட்டும், 1936-இல் வந்த முதல் கதையையும் லுவாகா வரும் ஒரு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லாரும் சேர்ந்து படித்துப் பாருங்கள். அவளை முதலில் பேசச் சொல்லுங்கள், குறுக்கே போகாதீர்கள். நாற்பது வருஷமாகப் படித்த உங்களுக்கே கண்ணில் படாத ஒரு கட்டத்தை அவள் காட்டுவாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த மூன்று புத்தகங்களைத் திருப்பிக் கேட்காதீர்கள். போகும்போது நாலாவதாக ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள், ஜூலி வருகிற கதை இருந்தால் அது.